உபயம் எழுதிய பட்டியை எடைக்குப் போடும் முன்

கோயில் செயல் அலுவலர்களுக்கும், தக்கார்களுக்கும், அறங்காவலர்களுக்கும், குடமுழுக்குத் திருப்பணியில் மின்வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் பழைய டியூப்லைட் பட்டிகளை, அதாவது குழாயை மாட்டுவதற்குச் சுவரில் பொருத்துகிற தாங்கிகளை, சேர்ப்பவன். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் எப்படி மாறும் என்பது எனக்குப் பழகிவிட்டது. நாணயம் சேர்க்கிறேன் என்றால், "அப்படியா, எந்த ராஜா காலத்தது?" என்று கேட்பார்கள். தபால்தலை என்றால் வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். டியூப்லைட் என்றால், "எதற்கு?" என்ற ஒரு சொல்லோடு சரி. எதையும் தாமதமாகப் புரிந்துகொள்கிறவனை டியூப்லைட் என்று கூப்பிடுகிற ஊர் நம்முடையது. அந்த டியூப்லைட்டையே தேடித் தேடிச் சேர்க்கிறவனை என்னவென்று கூப்பிடுவது என்று என் மனைவிக்கு இன்னும் ஒரு சொல் அகப்படவில்லை.

காவிரிக் கரையோரத்து ஊர் ஒன்றில் 31 வருடம் வயர்மேன் வேலை பார்த்தேன். வீடு, ரைஸ் மில், பள்ளிக்கூடம், கலியாண மண்டபம், கோயில் என்று ஏணி வைக்காத இடம் இல்லை. மாடுகளை விற்ற பிறகு காலியாகக் கிடந்த கொட்டகையில் இப்போது 64 பட்டிகள் இருக்கின்றன. அவற்றில் 50க்கு மேல் எரியும். மற்றவை எரியாவிட்டாலும் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும் என்று நினைக்கலாம். இல்லை. தேக்குக் கட்டையின் இரு முனையிலும் பேக்கலைட் ஹோல்டரைத் திருகி, மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிற சோக்கைக் கட்டையின் முதுகில் பொருத்திய மரப்பட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஊர்த் தச்சர் இழைத்தது. ஒரு மூலையில் உளி வழுக்கிய தடம்கூட அப்படியே இருக்கிறது. தகரத்தை மடித்துச் செய்த பெட்டிப் பட்டிகள் உண்டு. அவற்றின் மூடியைக் கழற்ற ஒரே ஒரு திருகுதான், அந்தத் திருகை ஏணியில் நின்றபடி தவறவிடாத வயர்மேன் இல்லை. கவிழ்த்த தொட்டிபோல வெள்ளை எனாமல் பூசிய ரிஃப்ளெக்டர் ஒன்று ஆலையிலிருந்து வந்தது. அதில் இரண்டு குழாய். ஒரு குழாயின் சுற்றில் மட்டும் கெப்பாசிட்டர் இருக்கும். காரணம் கேட்டால் ரசிப்பீர்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி எழும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்த மங்கலோடு வேகம் ஒத்துப்போய்விட்டால், சுழலுகிற கடைசல் இயந்திரம் நின்றுகொண்டிருப்பதுபோல் தோன்றும். நின்றுவிட்டது என்று நம்பிக் கையை வைத்தால் விரல் போகும். ஒரு குழாய் மங்கும்போது மற்றது பிரகாசிக்கட்டும் என்றுதான் அந்தக் கெப்பாசிட்டரை வைத்தார்கள்.

சோக்கைக் கையில் தூக்கிப் பார்த்தாலே அதன் காலம் ஓரளவு தெரிந்துவிடும். பழையது கனக்கும். உள்ளே இரும்புத் தகடுகளின் மேல் செப்புக்கம்பிச் சுருள், சுற்றிலும் தார் ஊற்றி நிரப்பியிருப்பார்கள். கோடையில் சூடேறித் தார் கசிந்து, பட்டியின் உட்புறம் கருஞ்சொட்டாக உறைந்திருக்கும். பிறகு வந்தவற்றில் அலுமினியக் கம்பி. சீக்கிரம் சூடாகும், ரீங்காரமும் அதிகம். அதனால்தான் கடைக்காரர்கள் "காப்பர் சோக், காப்பர் சோக்" என்று அழுத்திச் சொல்லி விற்றார்கள். அதன் பின் எலக்ட்ரானிக் சோக் வந்தது. சோப்பு டப்பா எடைகூட இருக்காது. சத்தமும் போயிற்று, சிமிட்டலும் போயிற்று. அத்தோடு எனக்கு ஆர்வமும் போயிற்று.

குழாயும் அப்படியே மெலிந்துகொண்டு வந்தது. பழைய 40 வாட் குழாயின் குறுக்களவு 38 மில்லிமீட்டர். அடுத்து வந்த 36 வாட் குழாய்க்கு 26, அதற்கடுத்த 28 வாட்டுக்கு 16. முதல் இரண்டுக்கும் நீளமும் முள்ளும் ஒன்றே என்பதால் 40 வாட் பட்டியில் 36 வாட் குழாயை மாட்டிக்கொள்ளலாம். அதனால்தான் குழாய் பத்துத் தடவை மாறினாலும் பட்டி மட்டும் அதே சுவரில் 40 வருடம் இருந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1938இல் இந்த விளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு வருடம் நியூயார்க் உலகக் கண்காட்சியில் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் மின்வாரியம் அமைந்தது 1957இல். எங்கள் ஊரில் டியூப்லைட் எந்த வீட்டுக்கும் முதலில் வரவில்லை, கோயிலுக்குத்தான் வந்தது. நான் அப்போது அரைக்கால் சட்டைப் பையன். சாயரட்சை நேரத்தில் மகாமண்டபத்தில் சுவிட்சைப் போடுவார்கள். பட்டியின் ஓரத்தில் ஸ்டார்ட்டர் ஊதா நிறத்தில் மினுங்கும். குழாயின் இரு முனையிலும் ஆரஞ்சுக் கங்கு பிடிக்கும். 'டிங்' என்று ஒரு சத்தம், ஒரு வெட்டு, இருட்டு. மறுபடி ஒரு வெட்டு. மூன்றாவதில் மண்டபம் முழுக்க வெள்ளை வெளிச்சம் பரவும், தூண்களெல்லாம் ஓரடி முன்னால் வந்து நின்றதுபோல் இருக்கும். அதற்கென்றே ஐந்தாறு பையன்கள் விளையாட்டை விட்டுவிட்டு வருவோம். சித்திரை, வைகாசியில் மின்னழுத்தம் இறங்கிவிடும். அப்போது விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. மெய்க்காவலர் கம்பை எடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டுவார். சில நாள் அதற்கே எரிந்துவிடும்.

அந்த ஸ்டார்ட்டருக்குள் நடப்பதைப் பிற்பாடு தொழிலுக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன். கண்ணாடிக் குமிழுக்குள் சிறிது வாயு. அதில் இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்த மெல்லிய தகடு. வாயு ஒளிர்ந்து சூடேறியதும் தகடு வளைந்து முனையைத் தொடும். குழாயின் இழைகள் சூடாகும். தொட்டதும் ஒளிர்வு நின்று தகடு ஆறி, விலகும். விலகுகிற அந்தக் கணத்தில் சோக் ஓர் உயர் அழுத்தத்தை உதைத்துத் தள்ளும். குழாய்க்குள் பாதரச ஆவி பற்றிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வீசும். குழாயின் உட்சுவரில் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கி வெளிச்சமாக்கித் தரும். பிறகு மின்னோட்டம் மிஞ்சிப் போகாமல் பிடித்துக்கொள்வதும் அதே சோக்தான். இவ்வளவும் நடக்க அது எடுத்துக்கொண்ட இரண்டு மூன்று நொடிக்குத்தான் நாம் அதை மந்தபுத்தி ஆக்கிவிட்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

12 வருடத்துக்கு ஒரு முறை திருப்பணி, குடமுழுக்கு என்று வருகிறது. சுதை வேலை, வண்ணம், தளவரிசை எல்லாம் ஆனதும் கடைசியாக விளக்கு மாற்றுவீர்கள். பழைய பட்டிகளைக் கழற்றி எல்இடி போடுவீர்கள். போடுங்கள், நான் அதை எதிர்க்கவில்லை. பழைய 40 வாட் குழாய் சோக்கின் செலவையும் சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். எல்இடிக்கு 20 போதும். கோயில் பணம் மிஞ்சுவது நல்லதுதானே.

கழற்றியதை என்ன செய்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வாகன மண்டபத்தின் மூலையில் குவிப்பார்கள். பிறகு மொத்தமாகப் பழைய இரும்புக் கடைக்குப் போகும். கடையில் பட்டி இரும்பு விலைக்கு. சோக்கைச் சம்மட்டியால் உடைத்தால் செப்புக்கம்பி தனி விலைக்கு. ஹோல்டரும் ஸ்டார்ட்டரும் குப்பைக்கு. ஆனால் அந்தப் பட்டியில் எழுதியிருக்கிறதே, அதற்கு எந்த விலையும் இல்லை.

உபயம் எழுதிய டியூப்லைட்டைப் பற்றி நம் பத்திரிகைகளில் வந்த நகைச்சுவைத் துணுக்குகளைக் கணக்கெடுத்தால் ஒரு புத்தகம் ஆகும். விளக்கைக் கொடுத்தவர் தன் பெயரைக் குழாய் முழுக்க எழுதி வெளிச்சத்தை மறைத்துவிட்டார் என்பது அரதப் பழைய கேலி. குழாயில் எழுதியது அந்தக் கேலிக்குத் தகும். அது போகட்டும், குழாயும் ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடும். நான் சொல்வது பட்டியில் எழுதியது. குழாய்க்குப் பின்னால், வெள்ளைத் தகரத்தின் மேல், கறுப்பு அல்லது சிவப்பு எனாமல் பெயிண்டில், தூரிகையால் எழுதிய எழுத்து. அது எந்த வெளிச்சத்தையும் மறைக்கவில்லை. வெளிச்சத்தின் முதுகில் 40 வருடம் உட்கார்ந்திருந்தது. விளக்கு எரியும்போது கண் கூசும், படிக்க முடியாது. அணைத்தால் இருட்டு, அப்போதும் படிக்க முடியாது. பகலில் ஏணி வைத்து ஏறுகிற வயர்மேன் ஒருவன்தான் அதை ஒழுங்காகப் படித்திருப்பான்.

நான் படித்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். பெயர்களை விட்டுவிடுகிறேன். ஒன்றில் "சிங்கப்பூர் பயணம் நல்லபடியாக முடிந்ததற்கு" என்று இருந்தது. ஒன்றில் சைக்கிள் கடைக்காரர் தன் மகள் கலியாணத்தை நினைத்து எழுதியிருந்தார். ஒன்று 8ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவர்கள் கொடுத்தது; 'பிரிவு' என்ற சொல்லுக்கு இடம் போதாமல் கடைசி எழுத்து ஹோல்டரின் அடியில் ஒடுங்கியிருந்தது. பிரசவம், வழக்கு, வேலை, பஸ் பெர்மிட் என்று ஒவ்வொரு பட்டிக்கும் பின்னால் ஒரு வேண்டுதல். ஓர் ஊரின் 30, 40 வருடக் கவலைகளை வரிசையாகப் படிக்க வேண்டுமென்றால் அந்த ஊர்க் கோயில் பிரகாரத்தில் ஏணி வைத்தால் போதும்.

இவற்றுக்கு வருடம் போட்டிருப்பது அபூர்வம். காலத்தைக் கண்டுபிடிக்க நான் சில குறிகளை வைத்திருக்கிறேன். சோக் தாரா, அலுமினியமா. ஹோல்டர் பேக்கலைட்டா, வெள்ளைப் பிளாஸ்டிக்கா. ஸ்டார்ட்டர் டப்பா அலுமினியமா. இவற்றையெல்லாம் மாற்றியிருக்கலாம் என்பதால் முழுதாக நம்ப முடியாது. எனக்குப் பிடித்த குறி வேறு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் லை, னை, ணை, ளை ஆகியவற்றை யானைத் துதிக்கை தூக்கியதுபோல் ஒரு கொக்கி வைத்து எழுதுவோம். ணா, றா, னா மூன்றும் கால் வாங்காமல் சுழித்து நிற்கும். பட்டியில் துதிக்கை இருந்தால் அது அநேகமாக 78க்கு முந்தையது, அல்லது பழைய கையை விட மனமில்லாத ஓவியர் எழுதியது. எங்கள் பக்கத்து ஓவியர் ஒருவர் தொண்ணூறுகள் வரை துதிக்கையை விடவில்லை. அவர் எழுத்து வலப்பக்கம் லேசாகச் சாயும், அதனால் அவரை மட்டும் தனியாகக் கண்டுபிடித்துவிடுவேன்.

கல்வெட்டு படிப்பவர்கள் செய்வது இதைத்தானே? எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் சொல்கிறார்கள். அந்தக் கல்வெட்டுகளிலும் பெரும்பகுதி விளக்குக் கணக்குதான். தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், ஒரு திருவிளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று விகிதம் வைத்துப் பேசுகின்றன. ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும், கணக்கில் எண்ணிக்கை குறையாது. அதனால் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கொடுத்தவர் பெயர், எத்தனை ஆடு, யார் பொறுப்பு, எந்த அளவையால் நெய் என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. ஆயிரம் வருடம் கழித்து நீங்கள் அந்தக் கல்லுக்கு முன்னால் கம்பி வேலி போட்டு, "தொடாதீர்கள்" என்று பலகை வைத்திருக்கிறீர்கள். ரொம்பச் சரி. அதே கோயிலில், அதே காரியத்துக்காக, அதே மாதிரி பெயரெழுதிக் கொடுத்த விளக்கைக் கிலோ கணக்கில் போட்டுவிடுகிறீர்கள். கல்லில் எழுதினால் கல்வெட்டு, தகரத்தில் எழுதினால் காயலான் கடையா?

ஆறு வருடத்துக்கு முன் நடந்தது இது. கோயில் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் தூரம். திருப்பணி முடிந்து 22 பட்டிகள் கடைக்கு வந்திருக்கின்றன என்று கடைக்காரரே தகவல் சொன்னார். என் பைத்தியம் அவருக்குத் தெரியும். நான் போவதற்குள் 19 போய்விட்டது. கடைப் பையன் கீழே உட்கார்ந்து சோக்கைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தான். மிஞ்சிய மூன்றில் இரண்டில் எழுத்து இல்லை. மூன்றாவது, தகரப் பெட்டிப் பட்டி. ஒரு முனை துருப்பிடித்து அரித்திருந்தது. சுண்ணாம்பும் ஒட்டடையும் போக, ஈரத் துணியால் துடைத்தேன். சிவப்பு எழுத்து மெல்ல வந்தது.

"உபயம். கீழத்தெரு நடவு வேலைப் பெண்கள்."

அவ்வளவுதான். பெயர் இல்லை, வருடம் இல்லை. 'வேலை'யில் துதிக்கை இருந்தது. உள்ளே தார்ச் சோக், ஒரு தடவைகூட மாற்றப்படாதது.

நான் அந்த ஊரைக் கொஞ்சம் அறிவேன். அந்தக் காலத்து நடவுக் கூலி என்னவென்றும் தெரியும். கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துவைத்து, யாரோ ஒருத்தியின் முந்தானை முடிச்சில் சேர்த்து, டவுனுக்குப் போய் ஒரு செட் வாங்கி வந்திருப்பார்கள். ஓவியரிடம் பெயர் எழுதச் சொன்னபோது, எத்தனை பெயரை எழுதுவது என்று அவர் கேட்டிருப்பார். இதெல்லாம் என் ஊகம். ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இலேயே வந்துவிட்டாலும், அவர்கள் கொடுத்த விளக்கு எரிந்த இடம் வரைக்கும் அவர்களில் எத்தனை பேர் தடையில்லாமல் போக முடிந்தது என்பதை நான் ஊகிக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் கோயிலின் எந்தக் கல்லிலும் அவர்கள் இல்லை. அவர்கள் அங்கே இருந்தது அந்தத் தகரத்தில் மட்டும்தான். அதை இரும்பு விலைக்கு வாங்கி, சைக்கிளின் பின்னால் குறுக்கே கட்டி, வழியெல்லாம் பஸ்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

இதைப் படித்துவிட்டு, "சேர்ப்பவனுக்குப் பட்டி இலவசமாக வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு பீடிகை" என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. பல வருடம் நானும் அப்படித்தான் அலைந்தேன். கடைக்கு வருவது எனக்கு ஆதாயம். இப்போது சொல்கிறேன், எனக்குத் தர வேண்டாம். கோயில் சொத்தை அப்படித் தூக்கித் தரவும் உங்களால் முடியாது, அதுவும் தெரியும். கோயிலிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

எல்லாவற்றையும் வைக்க இடம் எங்கே என்பீர்கள். எழுத்துள்ள பட்டிகளை மட்டும் வைத்தால் போதும். ஒரு நடுத்தரக் கோயிலில் பத்துப் பதினைந்துக்கு மேல் தேறாது. உக்கிராணத்தில் ஒரு பரண் போதும். அதற்கும் வழியில்லை என்றால், கழற்றுவதற்கு முன், சுவரில் இருக்கும்போதே, எந்த மண்டபம் எந்தத் தூண் என்று தெரியும்படி படம் எடுத்து, வாசகத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டாவது பிறகு ஏலம் விடுங்கள். 1959ஆம் வருட அறநிலையச் சட்டம் ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு வைக்கச் சொல்கிறது. நான் பார்த்த பதிவேடுகளில் இந்த விளக்குகள் "டியூப்லைட், 14 எண்ணம்" என்ற அளவில் நிற்கின்றன. வெள்ளிக் குடம் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, டியூப்லைட் கொடுத்தவர் பெயர் இல்லை.

ஒப்பந்தக்காரர்களுக்கும் ஏணியில் நிற்கிற தம்பிகளுக்கும் தொழில்முறையில் இரண்டு வார்த்தை. பட்டியைக் கழற்றும்போது கம்பியை ஹோல்டர் அருகில் வெட்டாதீர்கள், ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். சோக்கை உள்ளேயே இருக்க விடுங்கள். சோக் இல்லாத பட்டி வெறும் தகரம்தான். துருவைச் சுரண்டாதீர்கள், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள், எழுத்தும் கூடவே வந்துவிடும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி போதும். சில பழைய பட்டிகளில் உருளை வடிவக் கெப்பாசிட்டர் இருக்கும். அது உப்பியோ எண்ணெய் கசிந்தோ இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அந்தக் காலத்துக் கெப்பாசிட்டர்கள் சிலவற்றில் ஊற்றிய எண்ணெய் கொடிய நஞ்சு.

குழாய்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிற நான், குழாயைப் பாதுகாக்கச் சொல்லமாட்டேன். அதனுள் இருப்பது பாதரசம். பழைய தடித்த குழாய்களில் இப்போதையதைவிடப் பல மடங்கு அதிகம். எத்தனையோ கோயில்களில் நந்தவனத்துக் கிணற்றோரம் செத்த குழாய்கள் சாய்த்து வைத்திருப்பதையும், பையன்கள் அதை எடுத்து உடைத்து விளையாடுவதையும் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் சைக்கிளிலிருந்து இறங்காமல் மூன்று நாள் சுற்றுகிறவர்கள் வருவார்கள். கடைசி நாளன்று மார்பில் டியூப்லைட்டை உடைத்துக்கொள்வார்கள். வெள்ளைப் பொடி புகைபோல எழும்பும், நாங்கள் கைதட்டுவோம். அந்தப் புகையில் என்ன இருந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

மினமாட்டா என்ற ஜப்பானிய ஊரில் தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்குப் போய் நரம்பை அழித்தது. 1956இல் அந்த நோய் வெளியில் தெரிந்தது. அந்த ஊரின் பெயரிலேயே பாதரசத்துக்கு எதிராக 2013இல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2018இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. 2023இல் ஜெனீவாவில் கூடியபோது, நேர்க்குழாய் விளக்குகளை 2027க்குள் உற்பத்தியிலிருந்தே விலக்கிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். நம் நாட்டு மின்னணுக் கழிவு விதிகளிலும் இவை உண்டு. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் உடைக்காமல் சேர்க்க வேண்டும். ஆகவே குழாய்களை வந்த அட்டை உறையிலேயே போட்டு நிறுத்தி வைத்து அனுப்புங்கள். ஒன்று உடைந்துவிட்டால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். கதவைத் திறந்து வைத்துச் சற்று நேரம் விலகி இருந்து, பிறகு கெட்டி அட்டையால் வாரி, ஈரத் தாளால் துடைத்து, மூடியுள்ள புட்டியில் போட்டு வையுங்கள்.

என்னிடம் இருப்பு 38 மில்லிமீட்டர் குழாய்கள் பதினொன்று. அவை தீர்ந்தால் மெலிந்த குழாய். அதுவும் தீர்ந்தால் 64 பட்டியும் இருட்டுத்தான். அதற்கு நான் தயார்.

அந்தச் சிவப்பெழுத்துப் பட்டியைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. வாங்கி வந்த சில மாதத்தில், மனது கேட்காமல், அதைத் திரும்பவும் கோயிலுக்கே எடுத்துக்கொண்டு போனேன். அலுவலர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வாசகத்தை வாய்விட்டுப் படித்தார். ஆனால் ஏலத்தில் போன பொருளைத் திரும்ப எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று அவருக்கு வழி தெரியவில்லை. கணக்கரைக் கூப்பிட்டுக் கேட்டார். இருவருமாக யோசித்து ஒரு வழி சொன்னார்கள்: நான் அதைப் புதிதாகக் கோயிலுக்கு உபயம் செய்வதாக எழுதிக் கொடுத்தால் ரசீது போட்டு வாங்கிக்கொள்ளலாம். "உபயதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிடுகிறோம், ஐயா" என்றார் கணக்கர், எனக்கு ஏதோ நல்லது செய்கிற முகத்தோடு.

பட்டியை மறுபடியும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அது கொட்டகையின் வடக்குச் சுவரில் இருக்கிறது. எரிகிறது. சோக் அதே தார்ச் சோக்தான், ஸ்டார்ட்டர் மட்டும் மாற்றினேன். ரசீதில் உபயதாரர் என்ற இடத்தில் கீழத்தெரு நடவு வேலைப் பெண்கள் என்று எழுத உங்களில் யாருக்கு அதிகாரம் இருக்கிறதோ அவர் ஒரு கடிதம் போட்டால் போதும். வண்டி ஏற்பாடெல்லாம் வேண்டாம், நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன். ஏணி மட்டும் கோயிலில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
பழைய வயர்மேன் ஒருவன்